ஒன்றுக்கு ஐம்பதாம்!

ஒரு ரூபாய் போட்டால் ஐம்பது ரூபாய்!

திருவிழாக் கடைத்தெருவில் வளையம் எறிய அழைப்பவனின் கூவல் அல்ல, தோழர்களே, இது. மூன்று சீட்டைப் புரட்டிக் காட்டி முடிச்சவிழ்க்கும் வித்தைக்காரனின் வாக்கும் அல்ல. தலைநகர் தில்லியிலே கற்றறிந்தோர் கூடி, கணக்கெழுதி, அச்சிட்டு, அட்டையிட்டு, 2020ஆம் ஆண்டில் நாட்டுக்கு நல்கிய அறிக்கையின் சாரம் இது!

மழை எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டி அறிவதற்காக மத்திய அரசு 2012ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 'மான்சூன் மிஷன்' என்பது அதன் பெயர். பருவமழை இயக்கம் என்போம் நாம். புவி அறிவியல் அமைச்சகம் அதன் தலைவாசல். புனே நகரத்து வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அதன் உலைக்களம். அமெரிக்க நாட்டுக் கணினி மாதிரி ஒன்றை எடுத்து, நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்தினர். 2018இல் 'பிரத்யூஷ்', 'மிஹிர்' எனும் இரு மாபெருங் கணினிகளை நிறுவினர். இயக்கத்துக்கும் கணினிகளுக்குமாக ஆன முதலீடு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். இதனால் நாடு அடையும் நலன் யாது என அளந்து சொல்லும்படி, தில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவை அமைச்சகம் கேட்டது. குழு அளந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடிக்கு மேல் பயன் விளையும் என்றது. ஆக, ஒன்றுக்கு ஐம்பது!

கேட்கச் செவி குளிர்கிறது. ஆனால், முடிகொண்டான் ஆறும் திருமலைராசன் ஆறும் பாயும் நன்னிலம் வட்டத்திலே, நாற்றங்காலில் காலூன்றி நிற்கும் உழவன், "எங்கள் பங்குக்கு வந்த ஐம்பது எங்கே?" என்று கேட்டால், விடை கூற யார் வருவார்?

"அறிவியலை எதிர்க்கப் புறப்பட்டீரோ?" என்று சிலர் புருவம் நெரிப்பர். அல்ல, அன்பர்களே, அல்ல! சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கத்தைப் பிரித்து, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை, கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, மண்ணுக்கு மிச்சம் என்று படித்த குரலைக் கேட்டு நகைத்தவர் நாம். மழையை அளக்க மரக்கால் போதாது, மழைமானி வேண்டும். வானத்தை அறிய வாக்கியம் போதாது, ஆராய்ச்சி வேண்டும் என்று வகுப்பறைதோறும் சொல்லித் தருகிறவர் நாம். ஆராய்ச்சியின் அருமையை அறியாதவர் அல்லர். 1999ஆம் ஆண்டில் ஒரிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. 2013இல் 'பைலின்' புயல் அதே கரைக்கு வந்தபோது, முன்னறிவிப்பின் துணையால் இலட்சக்கணக்கானோர் அப்புறப்படுத்தப்பட்டனர். மடிந்தோர் தொகை நூறை எட்டவில்லை. இது ஆராய்ச்சியின் வெற்றி. இதனை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடன்.

ஆனால், பஞ்சாங்கத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வேறுபாடு எது? கணினியா? கண்ணாடிக் கட்டடமா? அல்ல. பஞ்சாங்கம் பொய்த்தால் கணக்குக் காட்டுவதில்லை. ஆராய்ச்சி பொய்த்தால் கணக்குக் காட்டியாக வேண்டும். அஃதொன்றே வேறுபாடு! அளக்காமல் நம்பு என்று சொல்லும் ஆராய்ச்சி, விலையுயர்ந்த பஞ்சாங்கமாகவே முடியும். ஆகவேதான் அந்த ஐம்பதை உரைத்துப் பார்க்க விழைகிறோம்.

எப்படி வந்தது ஐம்பது?

16 மாநிலங்களில் 3,965 உழவர்களைக் குழு வினவியது. மீனவர்களையும் வினவியது. வானிலை அறிவுரையைக் கேட்டு, ஒன்பது வேளாண் செயல்களில் எதையேனும் மாற்றிக்கொண்டீரா என்று கேட்டது. உழும் நாளை மாற்றல், பயிரையோ இரகத்தையோ மாற்றல், அறுவடையை முந்துதல் அல்லது பிந்துதல், விளைச்சலைக் காக்க இடம் தேடுதல் முதலியன அவை. 98 விழுக்காட்டினர் ஒன்றையேனும் மாற்றிக்கொண்டதாகக் கூறினர். பிறகு வருவாயைக் கேட்டது. எதையும் மாற்றாத குடும்பத்தின் சராசரி ஆண்டு வருவாய் 1.98 இலட்சம். ஒன்று முதல் நான்கு வரை மாற்றியோர்க்கு 2.43 இலட்சம். ஐந்து முதல் எட்டு வரை மாற்றியோர்க்கு 2.45 இலட்சம். ஒன்பதையும் மாற்றியோர்க்கு 3.02 இலட்சம். "கண்டீரா முன்னறிவிப்பின் மாண்பை!" என்றது அறிக்கை.

கண்டோம். கண்டதோடு நில்லாமல், கணக்கையும் போட்டுப் பார்த்தோம். நான்கு செயலிலிருந்து எட்டு வரை ஏறியவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 2,000 ரூபாய். எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியவனுக்குக் கிடைத்ததோ 57,000 ரூபாய்! ஒன்பதாம் படியிலே புதையல் இருந்ததோ? இல்லை. ஒன்பதையும் செய்ய வல்லவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். இரகத்தை மாற்றக் கையில் பணம் வேண்டும். உழும் நாளை மாற்றச் சொந்த உழுபொறி வேண்டும். நீர் பாய்ச்சும் நாளை மாற்ற மோட்டார் வேண்டும். விளைச்சலைச் சேமிக்கக் கிடங்கு வேண்டும். இத்தனையும் உடையவனுக்கு முன்னறிவிப்பு வருமுன்பே வருவாய் மிகுதிதானே! வசதி உள்ளவன் அறிவுரையைப் பின்பற்றினான் என்பதைக் கண்டுவிட்டு, அறிவுரையால் அவனுக்கு வசதி வந்தது என்று எழுதினால், அது ஆய்வாகுமா? குதிரைக்கு முன்னே வண்டியைப் பூட்டிய கதையாகாதா?

மேலும் ஒன்று. இந்த ஐம்பதின் பெரும்பகுதி, மானாவாரி நிலங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழும் உழவர்களைக் கொண்டு போட்ட கணக்கு. அவர்கள் நலம் பெற்றால் நமக்கு மகிழ்ச்சியே. வறண்ட நிலத்து ஏழைக்கும் வண்டல் நிலத்து ஏழைக்கும் பகையில்லை. ஆனால், ஆற்றுப்பாசனத்து ஏழை அந்தக் கணக்கின் நடுவிடத்தில் இல்லை. மேட்டூர் திறந்தால் தண்ணீர், மூடினால் முடிவு, உனக்கு மழை எதற்கு என்று எண்ணினரோ என்னவோ! காவிரிக் கடைமடையிலே மழை என்பது பாசனம் மட்டுமன்று, தோழர்களே. கதிரை நிமிர்த்துவதும் மழை. கதிரைச் சாய்ப்பதும் மழை. களத்து நெல்லை முளைக்க வைப்பதும் மழை.

அந்த மழை எந்த மழை? இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது.

பருவமழை இயக்கம் எடுத்துக்கொண்ட முதற்பணி தென்மேற்குப் பருவமழையை முன்னறிதல். நாட்டின் ஆண்டு மழையில் நான்கில் மூன்று பங்கு அதுவே தருவதால், அதை முதலில் எடுத்தது முறைதான். ஆனால் தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் திசம்பர் வரை, பெய்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் பாட்டிமார் சொன்னது இம்மழையை. இரண்டும் பருவமழை என்ற ஒரே பெயர் பெற்றவை; குணமோ வேறு வேறு. 2015ஆம் ஆண்டைப் பாருங்கள். பசிபிக் கடல் வெப்பமுற்று 'எல் நினோ' ஓங்கிய ஆண்டு அது. தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை சென்னையை வெள்ளக்காடாக்கியது! ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றொன்றைப் பெருக்குகிறது. ஆகவே, தென்மேற்கில் தேறியவன் வடகிழக்கிலும் தேறியவன் என்று சான்றிதழ் எழுத முடியாது. கணக்கில் தேறினான் என்பதற்காக எந்தப் பள்ளியிலாவது வரலாற்றிலும் மதிப்பெண் இடுவரோ?

நாளையும் பாருங்கள். சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்னறிவிப்பு ஏப்ரல் மாதமே வந்துவிடுகிறது. விதை வாங்க, உரம் தேட, ஒன்றரை மாதம் இருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்துக்கோ, செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் தறுவாயில் வருகிறது. அதற்குள் சம்பா விதை மண்ணுக்குள் போய்விட்டது! நூற்றைம்பது நாளுக்கு மேல் நிற்கும் சி.ஆர்.1009 போடுவதா, அதினும் குறுகிய வயதுடைய இரகம் போடுவதா என்று உழவன் முடிவெடுக்க வேண்டியது ஆகஸ்டில். முன்னறிவிப்பு கிடைப்பது தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்த்துச் சொல்லும் சோதிடனைப் போல!

எல்லையையும் பாருங்கள். அந்த முன்னறிவிப்பு தென் தீபகற்பம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. தமிழகமும் புதுவையும், கேரளம், கரையோர ஆந்திரம், இராயலசீமை, தென் உட்கருநாடகம் ஆகிய ஐந்தும் ஒரே பந்தியில்! ஐவர்க்கும் இலை போட்டாயிற்று, ஒருவர்க்கேனும் சோறு விழும் என்பது போன்ற வாக்கு. தமிழகத்துக்கென வண்ணம் தீட்டிய படங்களும் வருகின்றன. அவற்றைக் கண்டு ஒரு வட்டத்து உழவன் விதை எடுக்க முடியுமா?

2016ஆம் ஆண்டை மறக்க முடியுமா? சூன் 12ஆம் நாள் திறக்க வேண்டிய மேட்டூர், செப்டம்பர் 20இல் திறந்தது. குறுவை போயிற்று. சம்பாவையேனும் காப்போம் என்று கடன் வாங்கி விதைத்தனர். வடகிழக்குப் பருவமழையோ வழக்கத்தினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10ஆம் நாள் தமிழக மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி மாவட்டங்கள் என அரசே அறிவித்தது. காய்ந்த பயிரைக் கண்டு மாண்ட உழவர்களின் செய்தி நாளேடுகளை நனைத்தது. பருவமழை இயக்கம் தொடங்கி நான்கு ஆண்டுகள் முடிந்த வேளை அது. அந்த விதைப்புக்கு முன்னால், "இவ்வாண்டு பொறு" என்று எவரும் கடைமடைக்கு வந்து சொல்லவில்லையே! அந்த இழப்பு ஐம்பதின் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது?

சில வேளை முன்னறிவிப்பு சரியாகவே வருகிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் காவிரிப் படுகையெங்கும் நீரில் சாய்ந்தன. வங்கக் கடல் தாழ்வு பற்றி எச்சரிக்கை முன்னரே வந்தது. வந்து என்ன? சேற்றில் இறங்கும் அறுவடை இயந்திரம் முதலில் போவது பெரிய பண்ணைக்கு. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவனின் முறை வருமுன் மழை வந்துவிடுகிறது. அறுத்தவனுக்கோ உலர்த்த இடமில்லை; ஈரம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்றால் கொள்முதல் நிலையத்தில் எடைத்தட்டு ஏறாது. செயலாற்ற இயலாதவனுக்குச் சொன்ன செய்தி, நீந்தத் தெரியாதவனுக்குச் சொன்ன ஆழம். அதனை 'எச்சரித்தோம்' என்று வரவில் எழுதிக்கொள்கிறது துறை. செலவை எழுதிக்கொள்கிறது உழவன் வீட்டுச் சுவர்.

அதே 2023இன் திசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை தத்தளித்தது. "முன்பே சொன்னோம்" என்றார் மத்திய நிதியமைச்சர். "இவ்வளவு என்று சொல்லவில்லை" என்றது மாநில அரசு. மக்கள் கூரைமீது நிற்க, சொன்னதும் சொல்லாததும் வழக்காயிற்று! சொன்னது இது, பெய்தது இது என்று நாள்தோறும் ஊரறிய எழுதி வைத்திருந்தால் அந்த வழக்குக்கே இடம் ஏது?

இந்த இலட்சணத்தில், செய்தியைக் கொண்டு சேர்க்கும் கையையும் ஒடித்தனர். நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் அமைக்கப்பட்டிருந்தன. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வட்டார அளவில், உழவனின் மொழியில் அறிவுரை தருவது அவற்றின் பணி. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவற்றை மூட ஆணை பிறந்தது! அதே ஆண்டு செப்டம்பரில் 'மிஷன் மௌசம்' எனும் புதுத் திட்டத்துக்கு ஈராண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய். அதே மாதத்தில் 'அர்க்கா', 'அருணிகா' எனும் புதுக் கணினிகள். 2025 மே மாதம் 12 கிலோமீட்டர்க் கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியது என்று புதிய மாதிரிக்கு விழா. கண்ணைக் கூர்மையாக்கினர், மகிழ்ச்சி. நாவை அறுத்துவிட்டுக் கண்ணைக் கூர்மையாக்கி என்ன பயன்? மூடிய அலகுகளை மீண்டும் திறக்கும் பேச்சும் பின்னர் எழுந்தது. ஒன்றுக்கு ஐம்பது தந்த மரத்தை வெட்டியது ஏன், மீண்டும் நடுவது பற்றிப் பேசுவது ஏன்? ஐம்பது மெய்யானால் மூடியது குற்றம். மூடியது சரியானால் ஐம்பது பொய். இரண்டில் ஒன்றை அமைச்சகம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"வடகிழக்குப் பருவமழை கணிப்புக்கு எளிதில் அகப்படாது; சில புயல்களும் தாழ்வுகளும் சில நாட்களில் பெய்துவிட்டுப் போகும் மழை அது; தென்மேற்கைப் போல நாடு தழுவிய ஓட்டமல்ல" என்று அறிஞர் கூறுவர். உண்மை. கடினம் என்பதை நாமும் அறிவோம். கடினமான பாடத்துக்குத்தானே ஆசிரியர் வேண்டும்? எளிதாயின் ஆயிரம் கோடி எதற்கு? கடினம் என்று சொல்லி எளிய பாடத்தில் மட்டும் தேர்வெழுதி, அந்த மதிப்பெண்ணை எல்லாப் பாடத்துக்கும் காட்டுவதைத்தான் கண்டிக்கிறோம்.

தேர்வு என்றதும் ஒரு பொதுநெறி நினைவுக்கு வருகிறது. முன்னறிவிப்பு எத்தனை முறை பலித்தது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. குறைவு, இயல்பு, மிகுதி என்று மூன்று சீட்டெழுதிக் குலுக்கி எடுத்தாலும், மூன்றில் ஒரு முறை பலிக்கத்தான் செய்யும். அந்தக் குலுக்கலை விட, ஆண்டுதோறும் 'இயல்பு' என்றே எழுதும் சோம்பேறியை விட, எவ்வளவு மேலாகச் சொன்னாய் என்பதே மெய்யான அளவுகோல். 1975இல் நிறுவப்பட்டு, இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இயங்கும் ஐரோப்பிய நாடுகளின் வானிலை முன்கணிப்பு நிலையம், தன் கணிப்புகளின் தேர்ச்சியை ஆண்டுதோறும் அளந்து உலகறிய வெளியிடுகிறது. இறங்கினாலும் ஏறினாலும் வெளியிடுகிறது. நம் வானிலைத் துறையும் பருவ முடிவில் அறிக்கை தருவதுண்டு. அவை ஆங்கிலத்தில், நாட்டுக்கும் பெருமண்டலத்துக்கும் போட்ட கணக்குகள். நன்னிலத்திலும் ஒரு மழைமானி உண்டு. பெய்த அளவு இங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பட்டியலில் ஏறுகிறது. எண் மட்டும் போகிறது. எண்ணுக்கு உரிய விடை திரும்பி வருவதில்லை.

நாம் கேட்பது பிச்சையன்று, கணக்கு.

முதலாவது, வடகிழக்குப் பருவமழைக்கெனத் தனிக் குறிக்கோளும் தனி நிதியும் இயக்கத்தில் இடம்பெற வேண்டும். அதன் முன்னறிவிப்பு சம்பா விதைக்குமுன், ஆகஸ்டிலேயே, எவ்வளவு உறுதியுடையது என்பதையும் சேர்த்து வரட்டும். உறுதி குறைவென்றால் குறைவென்றே சொல்லட்டும்; மெய்யைத் தாங்கும் வலிமை உழவனுக்கு உண்டு.

இரண்டாவது, தேர்வு எழுதியவனின் செலவில் விடைத்தாள் திருத்தும் முறை ஒழிய வேண்டும். அமைச்சகத்தின் சார்பற்ற குழு அளக்கட்டும். நிலமுடையவனை மட்டுமன்றி, குத்தகையாளனையும், கூலிக்கு அறுக்கும் மகளிரையும் கேட்கட்டும். காப்பாற்றியதை வரவில் எழுதுவது போல, காப்பாற்றத் தவறியதைச் செலவில் எழுதட்டும்.

மூன்றாவது, வட்டாட்சியர் அலுவலகத்திலும், ஊராட்சியிலும், கொள்முதல் நிலையத்திலும் ஒரு கரும்பலகை வேண்டும். ஒரு பக்கம் சொன்னது, மறுபக்கம் பெய்தது, தமிழில்! ஆயிரம் கோடி வேண்டா இதற்கு; ஒரு சுண்ணக்கட்டி போதும்.

நான்காவது, மாவட்டந்தோறும் செய்தி சொல்லும் அலுவலர் நிலையாக இருக்க வேண்டும். அவர் சொல்லுக்குப் பின்னே இயந்திரமும், உலர்களமும், தார்ப்பாயும் நிற்க வேண்டும்.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அந்தக் கொடும் பஞ்சத்தின் பின்னரே, அடுத்த பருவம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கடமை வானிலைத் துறையின் தோளில் ஏறியது. 1886இல் முதல் முன்னறிவிப்பு வெளிவந்தது. மாண்டவர் எலும்பின்மேல் எழுந்த கடமை அது. மாண்டவருள் நம் முன்னோரும் உண்டு. அந்த உரிமையில் கேட்கிறோம்.

ஐம்பது வேண்டாம், ஆட்சியாளர்களே! போட்ட ஒரு ரூபாய் எங்கே போயிற்று, அதனால் கடைமடையில் எத்தனை கதிர் பிழைத்தது என்று சொல்லுங்கள். பிழைத்தது ஒரு கதிரே என்றாலும் அதனை மெய்யென்று காட்டுங்கள், கைகொட்டி வரவேற்போம். காட்ட இயலாதெனில், கணினிக்குப் பூமாலை சூட்டுமுன் கணக்கேட்டைத் திறந்து வையுங்கள். எங்கள் பிள்ளைகள் வாசித்துப் பார்க்கட்டும். கூட்டவும் கழிக்கவும் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்!